பிழைக்கப் போனவர்களும் குடிபெயர்ந்தவர்களும்: காவிரிப் படுகையின் இரண்டு வெளியேற்றங்கள்

தஞ்சாவூரிலிருந்து இரவில் சென்னை எழும்பூருக்குப் புறப்படும் விரைவுத் தொடர்வண்டிக்கு 'உழவன்' என்று பெயர். படுகையின் பெருமையை எண்ணி வைத்த பெயராக இருக்கும். ஆனால், உள்ளூரில் உழவு வேலை அற்றுப்போனவர்களை ஏற்றிச்சென்று பெருநகரத்தில் இறக்கிவிடும் வண்டிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைப்பது அரிது.

அந்த வண்டியில் செல்பவர்களை ஊர் ஒரே சொல்லால் குறிப்பதில்லை. நிலமும் பட்டமும் உள்ள வீட்டுப் பிள்ளை சென்னைக்குப் போனால் 'அங்கே செட்டில் ஆகிவிட்டான்' என்பார்கள். சேரியிலிருந்து ஒருவர் போனால் 'பொழைக்கப் போயிருக்கான்' என்பார்கள். முதலாவது, சேருமிடத்தைச் சொல்கிறது. இரண்டாவது, உயிரோடிருப்பதற்கான முயற்சியை மட்டும் சொல்கிறது. சேருமிடம் அதில் இல்லை. பேச்சு வழக்கின் தற்செயலான வேறுபாடு என்று இதைக் கடந்துவிட முடியாது. ஏறத்தாழ 150 ஆண்டுகளாகக் காவிரிப் படுகையிலிருந்து இரண்டு வெவ்வேறு வெளியேற்றங்கள் நடந்து வருகின்றன. யார் எதைக் கையில் எடுத்துக்கொண்டு போனார்கள், திரும்பி வந்தால் கால் வைக்க யாருக்கு எந்த மண் இருந்தது என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டால் அவற்றின் வேறுபாடு துலங்கும்.

முதலில் ஊரை விட்டுச் சென்றவர்கள் மிராசுதார்களே. 1854-இல் கும்பகோணத்தில் தொடங்கப்பட்ட அரசுப் பள்ளி பின்னர் கல்லூரியாக வளர்ந்தது. 1870-களில் மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் வழியாக இருப்புப்பாதை வந்தது. இவ்விரண்டும் சேர்ந்து அக்கிரகாரத்து இளைஞர்களை வருவாய்த் துறைக்கும் நீதிமன்றத்திற்கும் பின்னர் சென்னை, பம்பாய், டெல்லி அலுவலகங்களுக்கும் கொண்டு சேர்த்தன. மானுடவியலாளர் கேத்லீன் கஃப், 1950-களின் தொடக்கத்தில் தஞ்சை மாவட்டத்தில் தங்கி ஆய்வு செய்த ஊருக்குக் 'கும்பப்பேட்டை' என்று பெயரிட்டிருந்தார். அங்கும் பிராமணக் குடும்பங்கள் நகரத்தை நோக்கி நகரத் தொடங்கிவிட்டதை அவர் பதிவு செய்தார். கும்பகோணத்தை அடுத்த திப்பிராஜபுரத்தை மையமாகக் கொண்டு கிறிஸ்டோபர் ஃபுல்லரும் ஹரிப்பிரியா நரசிம்மனும் 2014-இல் வெளியிட்ட நூல், நிலவுடைமைச் சாதி ஒன்று நகர்ப்புற நடுத்தர வர்க்கமாக மாறிய வரலாற்றை விரிவாகக் காட்டுகிறது.

இந்த வெளியேற்றத்தில் கவனிக்க வேண்டியது, நிலம் அவர்களைக் கைவிடவில்லை என்பது. குத்தகை நெல் ஆண்டுதோறும் அவர்களைத் தேடி நகரத்திற்குச் சென்றது. அல்லது அதன் விலை பணமாகச் சென்றது. மகனின் படிப்புக்கும் மகளின் திருமணத்திற்கும் அந்த நெல் உதவியது. நகரத்தில் கால் ஊன்றிய பிறகு நிலத்தை விற்றார்கள். விற்ற நிலம் பெரும்பாலும் இடைநிலைச் சாதியினர் கைக்குப் போனது. அதை உழுதவர்களுக்கும் நட்டவர்களுக்கும் அது கிடைக்கவில்லை. அவர்களிடம் வாங்குவதற்குப் பணமும் இல்லை. 1961-ஆம் ஆண்டு நில உச்சவரம்புச் சட்டம் 30 தர ஏக்கர் என்ற வரம்பை வைத்து, 1970-இல் அதை 15 ஆகக் குறைத்தது. படுகையில் ஏராளமான நிலம் கோயில்கள், மடங்கள் பெயரில் இருந்தது. அவை வரம்புக்கு வெளியே நின்றன.

இனி, போக முடியாதவர்களைப் பற்றிப் பேசலாம்.

1843-ஆம் ஆண்டின் ஐந்தாவது சட்டம் அடிமை உடைமையை நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாது என்றது. தஞ்சையில் அடிமை என்ற சொல் மறைந்து பண்ணையாள் என்ற சொல் நிலைத்தது. திருமணத்திற்கோ சாவுக்கோ வாங்கிய சிறு கடன், தலைமுறை கடந்தும் தீராது. கணவன் பண்ணையாளாக இருந்தால் மனைவியும் பிள்ளைகளும் அதே மிராசுதாருக்கு வேலை செய்ய வேண்டும். மாடு மேய்க்கும் சிறுவனின் உழைப்பும் தந்தையின் கடன் கணக்கில் அடக்கம். வேறு பண்ணைக்கு வேலைக்குப் போனால் காரியக்காரர் ஆள் அனுப்பி இழுத்து வருவார். அடுத்து வருவது சவுக்கடியும் சாணிப்பாலும். 1943 முதல் பி. சீனிவாசராவ் உள்ளிட்ட தோழர்கள் சேரிகளில் சங்கம் கட்டியபோது முன்வைத்த முதல் கோரிக்கைகளில் இந்த இரண்டு தண்டனைகளின் ஒழிப்பும் இருந்தது என்பதை இன்றைய மாணவர்கள் நினைவில் வைக்க வேண்டும். அது வெகு தொலைவான காலமன்று. நம்முடைய பாட்டன்மார் வாழ்ந்த காலம்.

இந்தப் பிடியிலிருந்து தப்ப ஒரு வாயில் இருந்தது. அது நாகப்பட்டினம் துறைமுகம். 19-ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதி முதல் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பல் ஏறியவர்களில் பண்ணையாள் குடும்பத்தவரும் இருந்தனர். பிற்காலத்தில் மலாயா ரப்பர் தோட்டங்களுக்கு ஆள் அனுப்ப நாகப்பட்டினத்திலும் சென்னையை அடுத்த ஆவடியிலும் முகாம்கள் இயங்கின. தலைக்கு இவ்வளவு என்று தரகு பெற்ற கங்காணி, சேரிக்குள் வந்து ஆள் சேர்த்தான். மிராசுதாருக்கு அவன் பகைவன். நடவு நேரத்தில் ஆள் குறைந்ததும், கூலி உயரும் என்ற அச்சமுமே அதற்குக் காரணம். கங்காணியும் இரக்கம் உள்ளவன் அல்லன். மலாயாவில் இறங்கியவுடன் புதிய கடன் கணக்கு தொடங்கிவிடும். தோட்டத்து லயன்களிலும் சாதி பார்த்துக் குடியமர்த்தினார்கள். ஆயினும் ஊரில் இல்லாத ஒன்று அங்கே இருந்தது. கூலி பணமாகக் கிடைத்தது; அந்தப் பணம் மிராசுதாரின் கண்ணுக்கு எட்டாத இடத்தில் இருந்தது. 1938-இல் இந்திய அரசு மலாயாவுக்கு உதவிபெற்றுச் செல்லும் உடலுழைப்பாளர் குடியேற்றத்தைத் தடை செய்தது. தோட்டக் கூலிக் குறைப்பை எதிர்த்து எடுத்த நியாயமான முடிவு அது. ஆனால் அதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பண்ணையிலிருந்து வெளியேறும் கதவுகளில் ஒன்று, பண்ணையாளின் கருத்தைக் கேட்காமலேயே மூடப்பட்டது.

கடனைவிட வலிமையான கட்டு ஒன்று இருந்தது. அது குடிசை நின்ற மண். சேரி அமைந்திருந்த மனைக்கட்டு பெரும்பாலும் மிராசுதாருக்குச் சொந்தம். வேலையை மறுத்தாலோ, கூடுதல் கூலி கேட்டாலோ, சங்கக் கொடி ஏற்றினாலோ குடிசையைப் பிரித்துக்கொண்டு போ என்று சொல்ல அவருக்கு அதிகாரம் இருந்தது. எங்கே போவது? அடுத்த ஊரின் சேரியும் இன்னொரு மிராசுதாரின் மண்ணே. காலனிய ஆட்சியில் தொழிலாளர் துறை 1920-களில் தஞ்சை மாவட்டத்தில் ஒடுக்கப்பட்ட மக்களுக்குக் குடியிருப்பு மனைகளைப் பெற்றுத் தருவதில் முனைந்ததற்கு இதுவே காரணம். அந்த மனைகளும் இலவசமாகக் கிடைக்கவில்லை. கூட்டுறவுச் சங்கம் அமைத்துத் தவணையில் விலை கட்ட வேண்டியிருந்தது. ரூபா விஸ்வநாத்தின் 2014-ஆம் ஆண்டு ஆய்வு நூல், அக்காலச் சென்னை மாகாணத்தில் குடியிருப்பு மனையின் மீதான கட்டுப்பாடு எவ்வாறு உழைப்பின் மீதான கட்டுப்பாடாக இருந்தது என்பதை ஆவணங்களைக் கொண்டு நிறுவுகிறது. தலித் இயக்கத்தில் பணியாற்றுவோர் படிக்க வேண்டிய நூல் அது.

விடுதலைக்குப் பின் வந்த சட்டங்களை இந்தக் கோணத்தில் படித்தால் அவற்றின் உட்பொருள் வேறாகத் தெரியும். 1952-ஆம் ஆண்டுத் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் கூலியை வரையறுத்தது; காரணமின்றிப் பண்ணையாளை நீக்கக் கூடாது என்றது. மிராசுதார்கள் இதற்குக் கண்ட வழி எளியது. பண்ணையாள் என்று எவரையும் வைத்துக்கொள்ளாமல் அன்றாடக் கூலிகளாக மாற்றிவிட்டார்கள். பிணைப்பு அறுந்தது, அத்துடன் ஆண்டு முழுவதும் வேலை என்ற உறுதியும் அறுந்தது. குடியிருப்பிலிருந்து வெளியேற்றுவதைத் தடுக்கும் சட்டம் 1961-இல் வந்தது. அதன் பிறகும் மண் மிராசுதாருடையதாகவே இருந்தது.

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அந்நிகழ்வின் பின்னணியை இங்கு முழுமையாக விவரிக்க இடமில்லை, வாசகர்கள் அறிந்ததே. இந்தக் கட்டுரையின் பொருளுக்கு உரிய ஓர் அம்சத்தை மட்டும் சுட்டலாம். கூலி நெல்லை உயர்த்தக் கேட்டவர்களைப் பணியவைக்க நில உடைமையாளர்கள் எடுத்த ஆயுதம் 'வெளியூர் ஆள்'. உள்ளூர்த் தொழிலாளர் அறுவடையை மறித்தால் வேறு ஊரிலிருந்து ஆள் இறக்கு என்பதே அவர்களது சங்கத்தின் உத்தி. உழைப்பவர் தாமாக இடம்பெயர்வது குற்றமாகக் கருதப்பட்ட மண்ணில், உடைமையாளர் உழைப்பை இடம்பெயர்த்துக் கொண்டுவருவது உரிமையாகக் கருதப்பட்டது. எரித்த வழக்கில் தண்டிக்கப்பட்ட மிராசுதார்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. வசதி படைத்தவர்கள் தாங்களே நேரில் சென்று தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்ப நீதிபதிகளுக்குத் தயக்கம் இருந்தது.

வெண்மணிக்குப் பிறகு இரண்டு சட்டங்கள் வந்தன. கணபதியா பிள்ளை ஆணையத்தைத் தொடர்ந்து 1969-இல் வந்த நியாயக் கூலிச் சட்டம் அதிகம் பேசப்படுவது. 1971-இல் வந்த தமிழ்நாடு குடியிருப்பு உரிமைச் சட்டம் குறைவாகப் பேசப்படுவது. பிறர் நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்த விவசாயத் தொழிலாளருக்கு அந்த மனைக்கட்டையே சொந்தமாக்கியது இந்த இரண்டாவது சட்டம். அதை நிறைவேற்றிய முதலமைச்சர் மு. கருணாநிதி திருக்குவளையில் பிறந்தவர். கீழத்தஞ்சையின் குடிசைகள் எந்த மண்ணில் நின்றன என்பதை அறிய அவருக்கு ஆணையம் தேவைப்பட்டிருக்காது. நான்கைந்து சென்ட் நிலத்தில் எவரும் பணக்காரர் ஆகிவிடவில்லை. ஆனால் வெளியூர் வேலைக்குச் சென்றவரின் குடிசையைப் பிரித்தெறியும் உரிமை மிராசுதாருக்கு இல்லாமற்போனது. கணவன் திருப்பூரில் இருக்க, மனைவியும் பிள்ளைகளும் ஊரில் அச்சமின்றி உறங்க முடிந்தது. கீழத்தஞ்சையின் தலித் மக்களைப் பொறுத்தவரை ஊரைவிட்டுப் போகும் உரிமை 1971-இல்தான் தொடங்கியது என்பது என் கருத்து. நிலமில்லாத ஒருவர், திரும்பிவர ஓரிடம் உண்டு என்ற உறுதி கிடைத்த பின்னரே துணிந்து வெளியேற முடியும்.

அந்த உறுதி எல்லாருக்கும் கிடைக்கவில்லை. கோயில், மட நிலங்களில் தலைமுறைகளாகக் குடியிருப்போர் இன்றும் அடிமனை வாடகை கட்டிக்கொண்டு பட்டாவுக்காகப் போராடுகிறார்கள். வாய்க்கால் கரையிலும் ஆற்றுப் புறம்போக்கிலும் குடியிருப்போருக்கு நீர்நிலை என்ற காரணத்தால் பட்டா மறுக்கப்படுகிறது. நீர்நிலையைக் காக்க வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக்கருத்து இல்லை. அந்த மக்கள் ஏன் வாய்க்கால் கரைக்குப் போனார்கள், ஊர் நத்தத்தில் அவர்களுக்கு ஏன் இடமில்லை என்று எந்த அதிகாரியும் கேட்பதில்லை என்பதுதான் நமது குறை.

ஆக, தடுத்தவர்கள் விலகினார்கள். அதன் பிறகு வேலையும் விலகியது.

குறுவை, சம்பா, தாளடி என்ற மூன்று பருவச் சுழற்சி மேட்டூர் நீரை நம்பி நிற்கிறது. அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12 படுகையில் ஒரு பண்டிகை நாளைப் போன்றது. 2001-க்குப் பிந்தைய சில ஆண்டுகளிலும் 2012-இலும் 2016-இலும் அந்த நாள் வெறுமையாகக் கழிந்தது. 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சி அறிவிக்கப்பட்டது. காவிரி வழக்கில் நடுவர் மன்றம் பில்லிகுண்டுலுவில் 192 டிஎம்சி வழங்க வேண்டும் என்றதை 2018 பிப்ரவரி 16-இல் உச்ச நீதிமன்றம் 177.25 டிஎம்சி ஆகக் குறைத்தது. அந்த ஆண்டே நவம்பர் 16-இல் கஜா புயல் கரையைக் கடந்து, வேதாரண்யம், பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரத் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. ஒவ்வொரு பேரிடருக்கும் நிவாரணம் அறிவிக்கப்பட்டது. பயிர் இழப்பீடு ஏக்கர் கணக்கில் வழங்கப்படும். தென்னை மரக் கணக்கில் வழங்கப்படும். ஏக்கரும் மரமும் இல்லாதவர் இழந்தது வேலை நாட்களை. அவற்றை எண்ணுவதற்கு வருவாய்த் துறையிடம் படிவம் இல்லை.

நீர் வந்த ஆண்டுகளிலும் பழைய வேலை திரும்பவில்லை. அறுவடை இயந்திரம் ஓர் ஏக்கரை ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுகிறது. அரிவாளோடு வயலில் இறங்கி, கட்டுக் கட்டி, களத்தில் அடித்து, மரக்காலில் கூலி நெல் வாங்கிவந்த நாட்கள் போயின. அந்த நெல் வெறும் கூலியன்று; தை முதல் அடுத்த சில மாதங்களுக்கான வீட்டுச் சோறு. கடைமடைப் பகுதிகளில் நேரடி விதைப்பு பரவியதால் பெண்களின் நடவு வேலை சுருங்கியது. 1990-களில் நாகை கடலோரத்தில் வயல்கள் இறால் பண்ணைகளாயின. அதை எதிர்த்து சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடுமையான தீர்ப்பு வழங்கியது. அவரும் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் 1981-இல் தொடங்கிய லாப்டி இயக்கம், நிலமற்ற தலித் பெண்களின் பெயரில் நிலத்தை மாற்றிக் கொடுத்தது. படுகையில் நிலம் சாதி எல்லையைத் தாண்டிய சில தருணங்களில் அது ஒன்று. 2020-இல் படுகை 'பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம்' என்று சட்டமியற்றப்பட்டது. ஹைட்ரோகார்பன் திட்டங்களை எதிர்த்துப் போராடிய மக்களின் வெற்றி அது. அதில் தலித் மக்களின் பங்கும் உண்டு. அச்சட்டம் வயலைப் பாதுகாக்கிறது. வயலில் வேலை செய்பவருக்கு அதில் ஒரு பிரிவும் இல்லை.

வெளியேற்றத்தின் அளவை மக்கள் தொகைக் கணக்கெடுப்பு மறைமுகமாகக் காட்டுகிறது. 2001-இல் ஏறத்தாழ 11.69 லட்சமாக இருந்த திருவாரூர் மாவட்ட மக்கள் தொகை 2011-இல் 12.64 லட்சம். பத்தாண்டுகளில் வளர்ச்சி 8 விழுக்காடு. மாநிலத்தின் வளர்ச்சி 15 விழுக்காட்டிற்கும் மேல். திருப்பூர் மாவட்டத்தில் 29 விழுக்காடு. 2011-இல் 1,000 ஆண்களுக்குத் திருவாரூரில் 1,017 பெண்கள், நாகப்பட்டினத்தில் 1,025, தஞ்சாவூரில் 1,035, மாநிலத்தில் 996. ஆண்கள் எங்கோ இருக்கிறார்கள் என்பதே இதன் பொருள். வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்ற பிற சமூகத்தினரும் இந்தக் கணக்கில் உண்டு. எனினும் திருவாரூர் மாவட்ட மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று மேல் பட்டியல் சாதியினர் என்பதை மறந்து இந்த எண்களைப் படிக்க முடியாது. நூறு நாள் வேலைத் திட்டம் 2006-இல் நாகப்பட்டினத்திலும் 2007-இல் தஞ்சாவூர், திருவாரூரிலும் தொடங்கியபோது அதன் வேலைத்தளங்களை நிறைத்தவர்கள் பெண்கள். ஊரில் இருந்தவர்கள் அவர்கள்தாமே.

பெண்களும் போனார்கள். பின்னலாடைக்கு நூல் தரும் கோவை, திருப்பூர், திண்டுக்கல், ஈரோடு வட்டார ஆலைகள், 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் வளரிளம் பெண்களை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் எடுத்தன. ஒப்பந்தம் முடிந்ததும் திருமணத்திற்கு மொத்தத் தொகை. அதுவரை விடுதி வாசம், காவல், வெளியுலகத் தொடர்புக்குத் தடை. இடையில் உடல்நலம் குன்றி வெளியேறினால் அந்தத் தொகை கிடைக்காது. நெதர்லாந்து ஆய்வு அமைப்பு ஒன்று 2011-இல் வெளியிட்ட அறிக்கை, இவ்வாறு சேர்க்கப்பட்டோரில் கணிசமானோர் தலித் குடும்பத்துப் பெண்கள் என்றது. பண்ணையாளின் திருமணக் கடன் ஒரு குடும்பத்தை வயலோடு கட்டியது. இங்கே இன்னும் நடக்காத திருமணத்தின் செலவு, மணமகளையே ஆலையோடு கட்டியது. தமிழ்ச் சமூகம் பெண் வீட்டாரிடம் கேட்கும் நகையின் எடைதான் இரண்டையும் இணைக்கும் கண்ணி.

சட்டம் இவர்களுக்கு என்ன தருகிறது? 1979-ஆம் ஆண்டுப் புலம்பெயர் தொழிலாளர் சட்டம் மாநில எல்லையைத் தாண்டியவருக்கு மட்டுமே உரியதாக இருந்தது. அதற்கு மாற்றாக நாடாளுமன்றம் 2020-இல் நிறைவேற்றிய தொகுப்புச் சட்டத்தின் வரையறையும் ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்திற்குச் செல்பவரையே குறிக்கிறது. திருத்துறைப்பூண்டியிலிருந்து திருப்பூர் வந்து தகரக் கொட்டகையில் தங்கியிருப்பவர் சட்டத்தின் பார்வையில் புலம்பெயர்ந்தவரே இல்லை. 2020 அக்டோபர் முதல் குடும்ப அட்டையைக் கொண்டு எந்தக் கடையிலும் அரிசி வாங்கலாம் என்பது பெரிய ஆறுதல். ஆனால் குடும்பம் இரண்டு இடத்தில் வாழ்கையில் அட்டை ஒன்றுதான் இருக்கிறது.

மாநில எல்லையைத் தாண்டினால் வேறொரு சிக்கல் எழுகிறது. கல்லூரி மாணவர்கள் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். பலர் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட பிறகே அறிகிறார்கள். அரசமைப்பின் 341-ஆம் கூறு பட்டியல் சாதிகளை ஒவ்வொரு மாநிலத்திற்கும் தனித்தனியாக வரையறுக்கிறது. 1990-இல் மர்ரி சந்திர சேகர ராவ் வழக்கில் அரசமைப்பு ஆயம் தெளிவாகச் சொன்னது: ஒரு மாநிலத்தில் பட்டியல் வகுப்பினராக இருப்பவர், வேறு மாநிலத்திற்குக் குடிபெயர்ந்தால் அங்கே அந்தத் தகுதியைக் கோர முடியாது. ஆந்திராவில் பழங்குடிப் பட்டியலில் இருந்த சமூகத்தைச் சேர்ந்த அந்த மாணவர், தந்தையின் பணி காரணமாக மும்பையில் வளர்ந்து மருத்துவ இடம் கேட்டவர். 2018 ஆகஸ்ட் 30-இல் பீர் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் இதை மீண்டும் உறுதி செய்தனர். ஆக, பெங்களூருக்குக் குடிபெயர்ந்த தஞ்சைத் தலித் குடும்பத்தின் பிள்ளை, அதே சாதிப் பெயர் கர்நாடகப் பட்டியலில் இருந்தாலும், அந்த மாநில அரசின் இடஒதுக்கீட்டைப் பெற முடியாது. குடும்பம் எப்போது அங்கு நிலையாகக் குடியேறியது என்பதே அளவுகோல். குடியரசுத் தலைவரின் ஆணை வெளியான 1950 ஆகஸ்ட் 10-ஐ ஒட்டியே அது பார்க்கப்படுகிறது. தந்தையின் சான்றிதழை அடிப்படையாகக் கொண்டு புதிய ஊரில் சான்றிதழ் பெறலாம்; ஆனால் அது ஒன்றிய அரசின் பணிகளுக்கும் கல்வி நிறுவனங்களுக்கும், பிறந்த மாநிலத்துக்கும் மட்டுமே பயன்படும். பெங்களூரில் வீடு தேடும்போது மட்டும் அந்தக் குடும்பத்தின் சாதி மாநில எல்லையில் நின்றுவிடுவதில்லை. வாடகை வீட்டுச் சந்தையில் சாதியும் மதமும் எவ்வாறு கதவை மூடுகின்றன என்பதை டெல்லி வட்டாரத்தில் சுகதேவ் தோரட் குழுவினர் ஆய்வு செய்து 2015-இல் வெளியிட்டனர். 'சைவம் மட்டும்' என்ற அட்டையைச் சென்னையில் பார்த்தவர்களுக்கு அந்த ஆய்வின் முடிவு வியப்பளிக்காது.

இவ்வளவுக்குப் பிறகும் ஊரைவிட்டுப் போவது தலித் மக்களுக்கு இழப்பு என்று மட்டும் எழுதுவதை நான் ஏற்கவில்லை. கிராமம் காலியாகிறது, வேளாண்மை அழிகிறது, ஆள் கிடைக்கவில்லை என்ற புலம்பல் படுகையில் அடிக்கடி கேட்கிறது. 'ஆள் கிடைக்கவில்லை' என்பதில் வரும் 'ஆள்' யார் என்பதை நாம் அறிவோம். 1948 நவம்பர் 4-இல் அரசமைப்பு அவையில் அம்பேத்கர், இந்திய கிராமத்தை அறியாமையும் குறுகிய மனப்பான்மையும் குடிகொண்ட இடமாகக் கண்டு, அதைக் குடியரசின் அடிப்படை அலகாக ஏற்க மறுத்தார். அதற்கு முன்பே, 1942 ஜூலையில் நாக்பூரில் கூடிய பட்டியல் சாதியினர் மாநாடு, சாதி இந்துக்களின் ஊரிலிருந்து பிரிந்த தனிக் குடியிருப்புகளைக் கோரியது. அவர்கள் கேட்டது நிலத்தோடு கூடிய வெளியேற்றம். கங்காணி காலம் முதல் இன்றைய ஒப்பந்தக்காரர் காலம் வரை தஞ்சைத் தலித்துகளுக்குக் கிடைத்ததோ நிலமற்ற வெளியேற்றம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், ஒரு தலித்தை வீட்டையோ ஊரையோ விட்டு வெளியேறச் செய்வதைக் குற்றமாக்கியிருக்கிறது. வேலையும் நிலமும் இல்லாமற்செய்து வெளியேற்றுவதற்கு எந்தப் பிரிவும் இல்லை.

எனவே களப்பணியில் இருப்போர் 'ஏன் போகிறார்கள்' என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதில்லை. போனவரின் நத்தம் பட்டா யார் பெயரில் இருக்கிறது? கணவன் பெயரில் மட்டும் இருந்தால், அவர் திரும்பாத நாளில் மனைவியின் நிலை என்ன? வீடு பூட்டியிருக்கிறது என்ற காரணத்தால் வாக்காளர் பட்டியலில் பெயர் நீக்கப்பட்டிருக்கிறதா? மகள் சேர்ந்த ஆலை விடுதியின் முகவரி வீட்டில் யாரிடமாவது இருக்கிறதா? சென்னைக்குப் படிக்கப் போன பிள்ளைக்குச் சைதாப்பேட்டை எம்.சி. ராஜா விடுதி போன்ற அரசு விடுதியில் இடம் கிடைத்ததா, அல்லது வாடகை வீட்டுக்காகத் தெருத்தெருவாய் அலைகிறதா? இவை சிறிய கேள்விகள். கிராம நிர்வாக அலுவலரிடமும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் விடை தேடக்கூடிய கேள்விகள்.

படுகையில் அண்மைக் காலமாக ஒரு புதிய காட்சி தென்படுகிறது. நடவு காலத்தில் மேற்கு வங்கத்திலிருந்து தொழிலாளர் குழுக்கள் வருகின்றன. ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி, கயிறு பிடித்து, வேகமாக நட்டு முடித்து அடுத்த ஊருக்கு நகர்கிறார்கள். அவர்கள் உள்ளூர்க் கூலியைக் கெடுக்கிறார்கள் என்ற பேச்சும் தொடங்கிவிட்டது. 'வெளியூர் ஆள்' என்ற பழைய சொல் மீண்டும் புழங்குகிறது. நட வந்தவர்களின் ஊரிலும் ஒரு மேட்டூர் வறண்டிருக்கலாம், ஓர் இயந்திரம் இறங்கியிருக்கலாம். மாலையில் அவர்கள் உறங்கப் போவது நில உடைமையாளரோ தரகரோ காட்டிய கொட்டகைக்கு. ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு நம் குடிசைகள் நின்ற மண்ணைப் போலவே, அதுவும் அவர்களுக்குச் சொந்தமானதன்று.